பழைய கேள்வியை என்ன செய்வது? கேள்வி-பதில் தளத்தை மட்டுறுத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“கிண்ணியாவுக்குப் போற பாதை இரவு எத்தனை மணி மட்டும் ஓடும்?”

எங்கள் தளத்தின் மிகப் பழைய கேள்விகளில் இதுவும் ஒன்று. புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதற்கு முறைப்பாட்டுக் கொடி (மட்டுறுத்துநர்களைப் பார்க்கச் சொல்லும் குறி) போட்டிருந்தார். காரணம் என்ற கட்டத்துக்குள் எழுதியிருந்தது: “பாதை எப்படி ஓடும்? அர்த்தமில்லாத கேள்வி. அழித்துவிடவும்.”

திருகோணமலையில் கொஞ்சம் வயது போன யாரிடம் இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். பாதை என்றால் எங்களுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அதில்தான் போய்வந்தோம். பாலத்துக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாதை என்றால் வெறும் றோட்டு. கொடி போட்டவரில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு மட்டுறுத்துநர் பக்கத்தில் இருந்தவருக்கும் அந்தச் சொல் தெரியாமல் இருந்திருந்தால், ஒரு சொடுக்கில் கேள்வி போயிருக்கும்.

எங்களுடையது திருகோணமலை மாவட்டத்தைப் பற்றிய சின்னத் தமிழ்த் தளம். சம்பளம் கிடையாது. நாலு பேர் பார்க்கிறோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் (எல்லாருக்கும் ‘சேர்’), கம்பஸில் படிக்கும் தம்பி ஒருவர், ரொறன்ரோவிலிருந்து எங்களுடைய நடுச்சாமத்தில் வேலை செய்யும் அக்கா, நான். பழைய, தலைப்புக்குப் புறம்பான (தளம் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு வெளியே நிற்கும்) கேள்விகளை ஒதுக்கித் துப்புரவாக்க இறங்கி, முதல் மாதத்தில் செய்த பிழைகளிலிருந்து எழுந்ததுதான் இந்த வழிகாட்டி. உங்கள் தளம் சமையலைப் பற்றியதாக இருந்தாலும் கணினியைப் பற்றியதாக இருந்தாலும் படிகள் மாறாது.

தொடங்குவதற்கு முன்: மூன்றையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள்

கொடிகளில் பாதி இந்தக் குழப்பத்தால்தான் விழுகிறது. தலைப்புக்குப் புறம்பான கேள்வி ஒன்று. காலாவதியான கேள்வி இன்னொன்று. மோசமாகக் கேட்கப்பட்ட கேள்வி மூன்றாவது. பாதை நேரம் கேட்டது காலாவதியானது. ஆனால் தலைப்புக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. “ஐபோனா சாம்சுங்கா நல்லம்?” என்று எங்களிடம் கேட்டிருந்தால் அது தலைப்புக்குப் புறம்பு, எவ்வளவு வடிவாக எழுதியிருந்தாலும் புறம்புதான். “நிலாவெளி பற்றிச் சொல்லுங்கள்” என்பது தலைப்புக்குள் இருக்கிற மோசமான கேள்வி. மூன்றுக்கும் மருந்து வேறு. காலாவதியானதற்குப் புதிய பதில் அல்லது மேலே ஒரு குறிப்பு. மோசமானதற்குத் திருத்தம். மூடுவது என்ற மருந்து புறம்பானதற்கு மட்டும்.

படி 1: எல்லையை எழுதுங்கள், திகதி போடுங்கள்

எல்லாத் தளமும் தொடக்கத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். யார் எதைக் கேட்டாலும் சந்தோசம். நாங்களும் முதல் இரண்டு வருடம் சாதகப் பொருத்தம், லண்டன் விசா, தலைமுடி உதிர்வு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறோம். 2008 செப்டெம்பரில் ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்பொல்ஸ்கியும் தொடங்கிய, நிரல் எழுதுபவர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இதே கதைதான். நிரலாளர்களுக்குப் பிடித்த கேலிச்சித்திரம் எது என்ற கேள்வியெல்லாம் அங்கே ஆரம்ப நாட்களில் ஓகோவென்று ஓடியது. பிறகுதான் அது தங்கள் தளத்துக்கு உரியதல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆகவே இன்றைய எல்லையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கூடவே, எந்த விதி எந்த மாதத்திலிருந்து என்பதையும் எழுதுங்கள். இந்தத் திகதிதான் பிறகு உங்களைக் காப்பாற்றும். “நான் கேட்டபோது இப்படி ஒரு விதியே இல்லையே” என்று ஒருவர் வந்து நின்றால், “ஓம், இருக்கவில்லை. நீங்கள் பிழை செய்யவில்லை” என்று நிமிர்ந்து சொல்லலாம். அந்த ஒரு வரிக்குப் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

படி 2: பட்டியல் எடுங்கள்; முதல் பக்கத்திலிருந்து அல்ல

எங்கள் முதல் பிழை இது. தம்பி உற்சாகத்தில் முதலாம் இலக்கக் கேள்வியிலிருந்து வரிசையாக இறங்கினார். மூன்று இரவில் அறுபது கேள்வி மூடினார். அந்த அறுபதில் முக்கால்வாசியை வருடக்கணக்காக ஒருவரும் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதேநேரம், உண்மையில் கரைச்சல் தந்துகொண்டிருந்த கேள்விகள் அப்படியே கிடந்தன.

முதலில் பார்க்கவேண்டியவை, பழையதாக இருந்தும் இப்போதும் அசைகிறவை. தரவுத்தளத்தில் நீங்கள் கேட்கவேண்டியது இவ்வளவுதான்: கேட்கப்பட்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆன, கடந்த ஆறு மாதத்தில் புதுப் பதிலோ கொடியோ விளம்பரமோ விழுந்த கேள்விகள். அடுத்து, தேடுபொறியிலிருந்து ஆட்கள் அதிகம் வந்து விழுகிற பழைய கேள்விகள். மூன்றாவது, புதியவர்கள் “அதை விட்டீர்கள், என்னுடையதை ஏன் மூடினீர்கள்?” என்று இணைப்புக் கொடுத்து வாதாடும் கேள்விகள். இந்த மூன்று பட்டியலிலும் இல்லாதது தூங்கட்டும். தூங்குகிற கேள்வியை எழுப்பி மூடுவதில் ஒரு புண்ணியமும் இல்லை.

படி 3: முழுவதையும் வாசியுங்கள்

கேள்வியை மட்டும் அல்ல. பதில்கள், பின்னூட்டங்கள், திருத்த வரலாறு எல்லாம். பல நேரங்களில் கேள்வி புறம்பு, பதில் பொன். “கொழும்பில எங்க நல்ல கமரா வாங்கலாம்?” என்ற கேள்விக்கு அடியில், திருகோணமலைச் சுவாமி மலையிலிருந்து எந்த மாதங்களில் திமிங்கிலம் பார்க்கலாம், காலை வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பக்கம் எழுதிவைத்திருந்தார். கேள்வியின் தலைப்பை மட்டும் பார்த்து அடித்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

இன்னொன்று, தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு பொறி. தம்பி ஒருநாள் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியின் படத்தைப் போட்டார். வெறும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடந்தன.

“ஸ்பாம். அழிக்கவா?”

சேர் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டார்: “தம்பி, பொறும். அது பாமினி.”

யூனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் தட்டச்சுத் தெரிந்தவர்களில் கனபேர் பாமினி எழுத்துருவில்தான் எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் தமிழ், ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘அம்மா’ என்று அடித்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். சேர் அந்தக் குப்பையை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தார். வந்தது: கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் சூடு ஏன் ஒரே அளவாக இல்லை என்ற கேள்வி. இன்றைக்கும் பதில் எழுதத் தகுந்த, சுத்தமாகத் தலைப்புக்குள் இருக்கிற கேள்வி. ஆகவே விளங்காத எழுத்தைக் கண்டால் அழிப்பதற்கு முன் ஒருக்கா மாற்றிப் பாருங்கள். விளங்காத சொல்லைக் கண்டால் ஊரில் ஒருவரைக் கேளுங்கள்.

படி 4: தீர்ப்பு

இதுதான் கடினமான இடம். ஒரு பழைய புறம்பான கேள்விக்கு நீங்கள் செய்யக்கூடியவை ஆறு: அப்படியே விடுவது, திருத்தித் தலைப்புக்குள் கொண்டுவருவது, மூடுவது, வரலாற்றுப் பூட்டுப் போடுவது, வேறு தளத்துக்கு அனுப்புவது, அழிப்பது.

அனுப்புவதை முதலிலேயே மறந்துவிடலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவும் அடங்கிய ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் 60 நாளுக்கு மேற்பட்ட கேள்வியை வேறு தளத்துக்கு இடம்பெயர்க்கவே முடியாது. நல்ல விதி. பழசைத் தூக்கி அடுத்த வீட்டு முற்றத்தில் போடுவது மட்டுறுத்தல் இல்லை.

திருத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி, நேரம் தின்னும் என்றாலும். “உப்புவெளியில நல்ல ஹோட்டல் எது?” என்பது எங்கள் விதிப்படி புறம்பு. பெயர் சொல்லிப் பரிந்துரைப்பது நாலு மாதத்தில் செத்துவிடும், விளம்பரம் தேடி வரும். ஆனால் பதில்களில் ஒன்று எந்த மாதம் கடல் அமைதி, எந்த மாதம் வாடகை ஏறும், கடற்கரையில் இருந்து எவ்வளவு தூரத்தில் தங்கினால் இரைச்சல் குறைவு என்று பேசியது. கேள்வியை “உப்புவெளியில் தங்க இடம் தேடும்போது எவற்றைப் பார்க்கவேண்டும்?” என்று மாற்றினோம். ஒரு எச்சரிக்கை: திருத்தியபின் இருக்கிற பதில்கள் புதுக் கேள்விக்கும் பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் பதில் எழுதியவர்களை முட்டாளாக்கிவிடுவீர்கள். அப்படியான இடத்தில் திருத்தாமல் மூடுங்கள்.

மூடுவது என்றால் என்ன என்பதை உங்கள் பயனர்களுக்கு நூறு தரமாவது சொல்லவேண்டி வரும். மூடினால் கேள்வி அங்கேயே இருக்கும், வாசிக்கலாம், வாக்குப் போடலாம். புதுப் பதில் மட்டும் விழாது. அழிப்பது வேறு. எங்கள் சனத்துக்கு மூடுவது என்றால் கடையை இழுத்து மூடின மாதிரித் தெரிகிறது. அதனால் நாங்கள் பொத்தானில் ‘புதுப் பதில்களை நிறுத்து’ என்று எழுதிவிட்டோம். முறைப்பாடு குறைந்தது.

ஒருவர் தனியாக மூடக்கூடாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சாதாரண பயனர்கள் மூட முன்பு ஐந்து வாக்குத் தேவைப்பட்டது, பிறகு மூன்றாக்கினார்கள். எங்களைப் போன்ற சின்னத் தளத்துக்கு இரண்டு பேர் போதும். இரண்டாமவர் முதலாமவரின் காரணத்தை வாசிக்காமல் தானாக முடிவெடுத்தால் இன்னும் நல்லம்.

வரலாற்றுப் பூட்டு அரிதாகப் போடவேண்டியது. கேள்வி இன்றைய விதிக்குப் புறம்பு, ஆனால் ஆயிரக்கணக்கானோர் வந்து வாசிக்கிறார்கள், பதில் சரியானது, வேறெங்கும் கிடைப்பது கடினம். எங்களிடம் அப்படி ஒன்றுதான் இருக்கிறது: பாமினியில் இருக்கும் பழைய கோப்புக்களை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி என்பது. திருகோணமலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதற்காக டச்பே கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டு சேரும் தம்பியும் சண்டை பிடித்தார்கள்.

“சேர், இதை விட்டா நாளைக்கு ஒருத்தன் பிரின்டர் ரிப்பேர் கேட்பான்.”

“கேட்கட்டும். அதை மூடும். இதில கிடக்கிற பதிலை வைச்சுத்தான் எங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலரை மாத்தினனான். இதை மூடினாலும் பரவாயில்லை, கண்ணில படாம ஆக்காதையும்.”

இருவரும் சொன்னது சரி. வரலாற்றுப் பூட்டு இருவருக்கும் இடம் கொடுக்கிறது. கேள்வி தெரியும், பதில், வாக்கு, திருத்தம் எதுவும் ஏலாது, மேலே ஒரு பலகை. நாங்கள் எழுதியது: “இந்தக் கேள்வி தளத்தின் ஆரம்ப நாட்களில் கேட்கப்பட்டது. பலருக்குப் பயன்படுவதால் வைத்திருக்கிறோம். இதை உதாரணமாகக் காட்டி இதைப் போன்ற கேள்விகளைக் கேட்கவேண்டாம்.” கடைசி வசனத்தை விடாதீர்கள், பலகையில் உழைப்பது அதுதான்.

இனி அழிப்பது. எனக்கு இதில் கை நடுங்கும், நடுங்கவும் வேண்டும். பதிலில்லாத, வாக்கில்லாத, ஒருவரும் பார்க்காத புறம்பான கேள்வியை அழிக்கலாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இதை இயந்திரமே செய்கிறது: மூடி 9 நாள் கடந்தும், மதிப்பெண் (ஆதரவு வாக்கில் எதிர்ப்பு வாக்கைக் கழித்தது) பூச்சியம் அல்லது அதற்குக் கீழ், நல்ல மதிப்பெண் பெற்ற பதிலோ ஏற்கப்பட்ட பதிலோ இல்லை என்றால் தானாக அழிந்துபோகும். ஒன்றின் நகல் என்று மூடியவற்றை அது தொடாது. அவை வழிகாட்டிப் பலகையாக நிற்கும். நல்ல பதில் உள்ள கேள்வியை அழிப்பது என்றால், பதில் எழுதியவரின் உழைப்பையும் சேர்த்து அழிக்கிறீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 60 நாளாவது தளத்தில் இருந்த, மூன்று மதிப்பெண்ணாவது பெற்ற பதிவு அழிக்கப்பட்டாலும் எழுதியவர் அதில் ஈட்டிய நன்மதிப்புப் புள்ளி போகாது. உங்கள் தளத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு வகைக்கு மட்டும் வாக்கும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம்: தனி ஆட்களின் விபரம். எங்கள் பழைய கேள்விகளில் இது நிறைய. இன்னாரின் காணியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று விலாசத்தோடு கேட்டது. காணாமல்போன உறவைத் தேடி அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதியது. அப்போது நல்ல மனதோடு எழுதினார்கள். இன்று அது யாருடைய கையிலும் சிக்கலாம். விபரத்தை உடனே எடுங்கள். திருத்த வரலாற்றிலும் மறையுங்கள், ஏனென்றால் மேலே திருத்திவிட்டு வரலாற்றில் விட்டுவைப்பது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவைப்பது. முடிந்தால் எழுதியவருக்குத் தனிச்செய்தி போடுங்கள். உறவைத் தேடி எழுதியவருக்கு அச்சடித்த செய்தி அனுப்பவேண்டாம். அக்கா அப்படியானவற்றைத் தானே எழுதுவார்; ஒரு செய்திக்கு அரை மணித்தியாலம் எடுத்தாலும் நாங்கள் கேட்பதில்லை.

படி 5: மெதுவாக

பல கேள்வி-பதில் மென்பொருட்களில், பழைய கேள்வியைத் திருத்தினால் அது முகப்புக்கு ஏறிவிடும். தம்பியின் மூன்று இரவுக்குப் பிறகு எங்கள் தளத்துக்கு வந்தவர்களுக்கு முகப்பில் கிடைத்தது சாதகமும் முடி உதிர்வும்தான். ‘தலைப்புக்குப் புறம்பு’ என்று நாங்கள் சொன்னவை எல்லாம் ஊர்வலம் போயின. அதைப் பார்த்துப் புதிதாக இரண்டு பேர் சாதகம் கேட்டார்கள்!

நாளுக்கு ஐந்து, அதற்கு மேல் வேண்டாம். மூடப்போகிற கேள்வியில் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு நிற்காதீர்கள். ஒன்றைத் தொட்டால் ஒரே தடவையில் தலைப்பு, குறிச்சொல், எழுத்துப்பிழை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். நாலு தரம் தொட்டால் நாலு தரம் முகப்புக்கு வரும். ஒரு குறிச்சொல்லை முழுத் தளத்திலும் மாற்றவேண்டுமானால் ஒவ்வொரு கேள்வியாகத் திருத்தாமல், தரவுத்தளத்தில் மாற்றித்தரும்படி தளத்தை நடத்துபவரைக் கேளுங்கள்.

படி 6: சொல்லுங்கள்

மூடும்போது தானாக வரும் அறிவித்தல் போதாது. இரண்டு வரி கையால் எழுதுங்கள். நாங்கள் பழைய கேள்விகளுக்கு எழுதுவது ஏறத்தாழ இப்படி: “வணக்கம். இதைக் கேட்டபோது எங்கள் தளம் எல்லாத் துறைக் கேள்விகளையும் ஏற்றது. இப்போது திருகோணமலை மாவட்டம் பற்றியவற்றை மட்டும் எடுக்கிறோம். இருக்கிற பதில்கள் அப்படியே இருக்கும்; புதுப் பதில்கள் மட்டும் நிறுத்தப்படுகின்றன.” ‘விதிமீறல்’ என்ற சொல்லைப் பழைய கேள்விக்குப் பாவிக்கவே வேண்டாம். விதி பிறக்க முன் மீற முடியாது.

எதிர்ப்பு வந்தால் மூடியவர் பதில் சொல்லக்கூடாது, இன்னொருவர் சொல்லவேண்டும். மூடியவர் பதில் சொன்னால் அது நியாயம் பேசுவதாக இல்லாமல் வீம்பு பேசுவதாக முடிகிறது. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எதிர்ப்பவர் சொல்வதில் பொருள் இருந்தால் திரும்பத் திறவுங்கள்.

படி 7: அழித்தால், ஒழுங்காக அழியுங்கள்

அழித்த பக்கத்துக்கு முகப்பைத் திறந்து காட்டாதீர்கள். தேடி வந்தவர் என்ன நடந்தது என்று தெரியாமல் முழிப்பார், தேடுபொறியும் குழம்பும். பக்கம் இல்லை என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சொல்லும் 404 அல்லது 410 என்ற குறியீட்டைக் கொடுங்கள். 410 என்றால் ‘வேண்டுமென்றே எடுத்துவிட்டோம்’ என்று அர்த்தம். அதே கேள்விக்கு வேறு நல்ல பக்கம் இருந்தால் மட்டும் அங்கே திருப்பிவிடுங்கள். கேள்வியை வைத்துக்கொண்டு தேடலில் மட்டும் வராமல் செய்ய, பக்கத்துக்குள் போடும் நோஇன்டெக்ஸ் (noindex) குறி போதும். அதைப் போட்டுவிட்டு, தேடுபொறி எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் (robots.txt) அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடாதீர்கள். தேடுபொறி உள்ளே வந்தால்தானே குறியைக் காணும்.

அழிக்கமுன் பிரதி எடுத்து வையுங்கள். 2005இல் தொடங்கிய யாஹூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4ஆம் திகதி மூடப்பட்டபோது அவ்வளவு கேள்வியும் ஒரேயடியாகத் தளத்தை விட்டுப் போயின. சின்னத் தளம் ஒன்று அப்படிப் போனால் யாரும் செய்தி போடவும் மாட்டார்கள்.

இனிப் பாதைக் கேள்விக்கு வருகிறேன். அதை நாங்கள் மூடவில்லை. அதற்கு ஒரு காரணம் 2021 நவம்பர். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஆட்களை ஏற்றிய இழுவைப் பாதை கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அந்த வாரம் அந்தப் பழைய கேள்விக்கு அடியில் அஞ்சலிகளும் கோபங்களும் வந்து குவிந்தன. கேட்கப்பட்டதோ வேறு படகுத்துறை, வேறு காலம். அந்த நேரத்தில் யாருடைய அஞ்சலியையும் நாங்கள் அழிக்கவில்லை. பதில் பகுதியை மட்டும் ஒரு மாதத்துக்கு நிறுத்தினோம், பிறகு அவற்றைப் பின்னூட்டங்களுக்குள் நகர்த்தினோம்.

இப்போது கேள்விக்கு மேலே இரண்டு வரி இருக்கிறது: “இங்கே கேட்கப்படுவது 2009இல் பாலம் திறக்குமுன் கிண்ணியாத் துறையில் ஓடிய பாதையைப் பற்றியது, குறிஞ்சாக்கேணிப் பாதை வேறு. பாதை என்பது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைக்குக் கிழக்கில் வழங்கும் பெயர்.” அந்த இரண்டாவது வரியை எழுதியவர், கொடி போட்ட அதே புதியவர்.